காலணாவுக்கு ஐந்து காசு: குளத்தூர்ப் பிள்ளைகள் விலை பார்க்கப் படித்த கதை

ஒரு ரூபாய்க்கு எத்தனை காசு என்று இன்றைக்குக் கேட்டால் 100 என்று உடனே பதில் வரும். 1956-இல் கேட்டிருந்தால் 16 அணா, அதாவது 192 தம்பிடி என்றிருப்பார்கள். ஆனால் 1900-வாக்கில் குளத்தூர் தாலுகாவில் சந்தைக்குப் போகிற ஒரு பையனைப் பிடித்துக் கேட்டிருந்தால் இன்னொரு பதிலும் கிடைத்திருக்கும்: 320.

அந்த 320-க்குப் பெயர் அம்மன் காசு. புதுக்கோட்டை சமஸ்தானத்தின் சொந்த நாணயம். ஒரு பக்கம் திருக்கோகர்ணம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்ற சொல். விரல் நுனி அளவே இருக்கும் சின்னச் செம்புக் காசு. நவராத்திரியின்போது அரண்மனையில் அரிசியோடு சேர்த்து இதைத் தானமாகக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. நாணயம் சேகரிப்பவர்களுக்கு இந்தக் கதையெல்லாம் தெரிந்ததுதான். அவர்கள் அதிகம் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. அந்தக் காசு ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு வாத்தியாராகவும் இருந்தது.

எப்படி என்று பார்ப்பதற்கு முன் ஊரைப் பற்றிக் கொஞ்சம். திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் இடைப்பட்ட பகுதி குளத்தூர். தொண்டைமான்களில் ஒரு கிளை, அதாவது ரகுநாத தொண்டைமானின் தம்பி நமன தொண்டைமானின் வழியினர், இங்கிருந்துதான் தனியாக ஆண்டார்கள். 1750-வாக்கில் அது புதுக்கோட்டையோடு சேர்ந்துவிட்டது. பிறகு ஆலங்குடி, திருமயம், குளத்தூர் என்று சமஸ்தானத்தின் மூன்று தாலுகாக்களில் ஒன்றானது. (தாலுகாவுக்குப் பெயர்தான் குளத்தூர். தாலுகா ஆபீஸ் இருப்பது கீரனூரில். இந்தக் குழப்பம் இன்றுவரை தீரவில்லை!) மூன்றில் வடக்கே இருப்பது இதுதான். எல்லையைத் தாண்டினால் திருச்சி ஜில்லா, அதாவது நேரடி வெள்ளைக்கார ஆட்சி.

ஆகவே குளத்தூர்க்காரருக்குப் பொருள் வாங்க எப்போதும் இரண்டு திசை இருந்தது. தெற்கே போனால் புதுக்கோட்டை, வடக்கே போனால் திருச்சி. எங்கே மலிவு என்பது அவருக்குப் பொழுதுபோக்குக் கேள்வி அல்ல. வானம் பார்த்த பூமி, ஏரி குளம் நிரம்பினால்தான் விளைச்சல். கையில் இருக்கிற நாலு காசை எங்கே செலவழிப்பது என்பது அந்த வாரம் அடுப்பு எரியுமா என்பதோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

இப்போது கணக்குக்கு வருவோம். சமஸ்தானத்தில் ரூபாயும் அணாவும் பிரிட்டிஷ் இந்தியாவுடையவைதான். சில்லறையில் மட்டும் அம்மன் காசும் ஓடியது. ஒரு அணாவுக்கு 20 காசு. அதே அணாவுக்குத் திருச்சியில் 12 தம்பிடி. ஆகவே 3 தம்பிடி, அதாவது காலணா, 5 அம்மன் காசுக்குச் சமம். புதுக்கோட்டையில் ஒரு கட்டு வெற்றிலை 7 காசு, திருச்சியில் 4 தம்பிடி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எது மலிவு? 4 தம்பிடிக்கு 6 காசும் முக்கால் காசுக்குச் சற்றுக் குறைவும் ஆகும். திருச்சியில் மலிவு, ஆனால் நூலிழை மலிவு. நடந்து போய் வருகிற களைப்புக்கு அது கட்டாது. பேப்பரும் பென்சிலும் வைத்துக்கொண்டு போடவே ஒரு நிமிஷம் பிடிக்கிற இந்தக் கணக்கை மனசுக்குள்ளேயே போட்டாக வேண்டும். பிள்ளைகள் இதை எங்கே படித்தார்கள்?

திண்ணையில்!

திண்ணைப் பள்ளிக்கூடம் என்றதும் மணலில் அரிச்சுவடி எழுதுவதும், சட்டாம்பிள்ளையும், பிரம்படியும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அங்கே பாடத்தில் பாதிக்கு மேல் கணக்கு. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்று மூன்று படிகள். எண்களையும் பின்னங்களையும் பொன்னிலக்கம் சொல்லித்தரும், தானிய அளவைகளை நெல்லிலக்கம். எண்சுவடி என்பது வாய்ப்பாடு. இதை வெறும் மனப்பாடம் என்று பிற்காலத்தில் நிறையப் பேர் கேலி செய்தார்கள். வரலாற்றாசிரியர் து. செந்தில்பாபு தமிழகத்தின் பழைய கணக்கு முறைகளைப் பற்றி 2022-இல் ஒரு பெரிய ஆய்வு நூலே வெளியிட்டிருக்கிறார். நிலம் அளப்பவர், தானியம் அளப்பவர், கூலி கணக்குப் பார்ப்பவர், வியாபாரி ஆகியோரின் அன்றாட வேலையிலிருந்துதான் அந்தக் கணக்கு பிறந்தது என்பது அந்த நூலைப் படித்தால் புரியும். சந்தையில் உட்கார்ந்து பேப்பர் தேட முடியாது. நினைவுதான் பேப்பர்.

எண்சுவடியில் வருகிற பின்னங்களைப் பாருங்கள். அரை, கால், அரைக்கால் என்று இறங்கி வந்து 1/16-க்கு மாகாணி (வீசம் என்றும் சொல்வார்கள்). 1/20-க்கு மா. 1/80-க்குக் காணி. 1/160-க்கு அரைக்காணி. கடைசியில் 1/320. அதற்குப் பெயர் முந்திரி.

320! ஒரு ரூபாயில் ஒரு மாகாணி என்பது ஒரு அணா. ஒரு ரூபாயில் ஒரு முந்திரி என்பது சரியாக ஒரு அம்மன் காசு. திண்ணையில் முந்திரி வாய்ப்பாட்டை ஒப்பித்த பையனுக்குச் சமஸ்தானத்தின் சில்லறை நாணயம் ஏற்கெனவே தலைக்குள் இருந்தது. தனியாகப் படிக்க வேண்டியது தம்பிடியைத்தான். பின்னம் என்றாலே பிள்ளைகள் பயப்படுகிற இந்தக் காலத்தில் நின்று யோசிக்க வேண்டிய விஷயம் இது. அந்தக் காலத்துப் பிள்ளைகள் நம்மைவிடப் புத்திசாலிகள் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. அவர்கள் படித்த பின்னம் மடியில் சில்லறையாகக் கிலுங்கியது, அவ்வளவுதான்.

ஒரு உண்மையையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். திண்ணையில் உட்கார இடம் கிடைத்தவர்கள் பெரும்பாலும் ஆண்பிள்ளைகள், அதிலும் கையில் கொஞ்சம் நிலமோ வியாபாரமோ இருந்த சாதிகளின் பிள்ளைகள். வயலில் கூலி வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளுக்கு இந்த வாய்ப்பாடு கிடைக்கவில்லை. அவர்களுக்குக் கூலியாக நெல் அளந்து போட்டவருக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது. பழைய கல்வியை ஒரேயடியாகப் புகழ்கிறவர்கள் வசதியாக மறந்துவிடுகிற இடம் இது.

நெல் அளப்பது என்றதும் அடுத்த சிக்கல் வந்துவிடுகிறது. காசு இரண்டு வகைதான். அளவையோ ஊருக்கு ஒரு வகை.

வாய்ப்பாட்டின்படி 2 ஆழாக்கு ஒரு உழக்கு, 2 உழக்கு ஒரு உரி, 2 உரி ஒரு நாழி, 8 நாழி ஒரு குறுணி, 12 குறுணி ஒரு கலம். இந்த விகிதம் எங்கேயும் மாறாது. ஆனால் நாழி என்கிற அந்தப் பாத்திரம் எவ்வளவு பெரியது? அது மாறும். பட்டணம் படி வேறு, ஊர்ப்படி வேறு. பாத்திரம் ஒன்றே என்றாலும் குவித்து அளக்கிறாரா, தலைதட்டி அளக்கிறாரா என்பதில் ஒரு கை அரிசி வித்தியாசம் வரும். 'படி 2 அணா' என்று இரண்டு கடைக்காரர்கள் சொன்னால் இரண்டும் ஒரே விலை என்று நினைப்பவன் ஏமாளி. எந்தப் படி, எப்படி அளப்பது என்று கேட்ட பிறகுதான் விலையைப் பேச முடியும்.

இந்தக் கேள்வி ஆயிரம் வருஷப் பழசு. சோழர் காலக் கல்வெட்டுகளில் நெல்லின் அளவைச் சொல்லும்போது எந்த மரக்காலால் அளந்தது என்பதையும் சேர்த்து வெட்டியிருப்பார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் ஆடவல்லான் என்னும் மரக்கால் வருகிறது, ராஜகேசரி மரக்காலும் வருகிறது. கடவுளுக்கே தானம் கொடுத்தாலும் அளவையைக் குறிப்பிடாமல் விடவில்லை. குளத்தூர் தாலுகாவுக்குள்ளேயே இருக்கும் நார்த்தாமலை, நானாதேசி ஐந்நூற்றுவர் என்ற பெரிய வணிகக் குழுவின் முக்கியத் தலமாக இருந்த ஊர். நகரத்தார்மலை என்பதுதான் நார்த்தாமலை ஆயிற்று என்று சமஸ்தான வரலாற்றை எழுதியவர்கள் சொல்வார்கள். இன்று விஜயாலய சோழீச்சரத்தைப் பார்க்க அங்கே போகிறவர்கள் பாறைகளையும் வெயிலையும்தான் பார்க்கிறார்கள். ஒரு காலத்தில் பல தேசச் சரக்குகளின் விலை பேசப்பட்ட இடம் அது.

எடையிலும் இதே கதைதான். 3 தோலா ஒரு பலம், 8 பலம் ஒரு சேர், 5 சேர் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. சென்னை மாகாணக் கணக்குப்படி ஒரு வீசை இன்றைய கணக்கில் சுமார் 1 கிலோ 400 கிராம். வடநாட்டில் சேர் என்றால் நம் சேரைப் போல மூன்று மடங்குக்கும் மேல். பெயர் ஒன்று, எடை வேறு.

சில பொருள்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்கும் உரிமையே இல்லாமல் போனதும் உண்டு. உவர்மண்ணைக் காய்ச்சி உப்பு எடுப்பது புதுக்கோட்டையில் பழைய தொழில். 1887-இல் அது நிறுத்தப்பட்டது. பிரிட்டிஷ் அரசு சமஸ்தானத்துக்கு வருஷா வருஷம் நஷ்டஈடு கொடுத்தது. பணம் தர்பாருக்குப் போயிற்று, உப்பு வாங்குகிறவனுக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு அவனுக்கு வரி கட்டிய உப்பு ஒன்றுதான் உப்பு. எத்தனை எண்சுவடி படித்திருந்தாலும் ஒரே கடை இருக்கிற இடத்தில் கணக்கால் பயனில்லை.

1929-இல் திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு ரயில் வந்தது. குளத்தூர் தாலுகா வழியாகத்தான் வந்தது. கீரனூரிலும் நார்த்தாமலையிலும் ஸ்டேஷன். இரண்டு ஊர் விலைகளும் ஒரே நாளில் காதில் விழ ஆரம்பித்தன. 1948 மார்ச் 3-ஆம் தேதி சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து திருச்சி ஜில்லாவின் ஒரு பகுதியானது. (தனி மாவட்டம் ஆனது 1974 ஜனவரி 14-இல்.) அம்மன் காசின் காலம் முடிந்தது. அடுத்த பத்து வருஷத்தில் மற்ற எல்லாமும் முடிந்தன.

1957 ஏப்ரல் 1. நயா பைசா வந்தது. ரூபாய்க்கு 100 என்பது கேட்பதற்குச் சுலபம். ஆனால் ஒரு அணாவுக்கு ஆறேகால் நயா பைசா ஆகிறது. அந்தக் கால் பைசாவுக்கு எங்கே போவது? அரசு ஒரு பட்டியல் கொடுத்தது. 1 அணாவுக்கு 6, 2 அணாவுக்கு 12, 3 அணாவுக்கு 19, 4 அணாவுக்கு 25. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1 அணாச் சாமானை நான்கு தடவை தனித்தனியாக வாங்கினால் 24 பைசா, ஒரே தடவையாக வாங்கினால் 25. 3 அணாச் சாமான் வாங்கினால் கடைக்காரருக்குக் கால் பைசா லாபம், 2 அணாச் சாமான் வாங்கினால் வாங்குபவருக்கு அரை பைசா லாபம். வாங்கும் முறையே விலையை மாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எந்தக் காமர்ஸ் புத்தகத்திலும் கிடையாது.

1958 அக்டோபரிலிருந்து கிலோவும் படிப்படியாக வந்து, 1962 ஏப்ரலிலிருந்து நாடு முழுக்க அதுதான் சட்டப்படியான எடை என்றானது. இந்தக் காலகட்டத்தில் நடந்த ஒரு தலைகீழ் மாற்றத்தை வரலாற்றுப் புத்தகங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அதுவரை அப்பாவும் தாத்தாவும் பிள்ளைக்கு விலை பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள். 1957-க்குப் பிறகு புதுக் கணக்கு பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளைக்குத்தான் தெரியும். வீசைக்கு இவ்வளவு என்று மனசுக்குள் விலை வைத்திருந்த பாட்டிக்கு, கிலோவுக்கு அது எவ்வளவு என்று சொல்லப் பேரன் தேவைப்பட்டான். எழுத்தறிவு குறைவான தாலுகாக்களில் அந்தப் பேரனுக்கு வீட்டில் என்ன மரியாதை கிடைத்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனால் இங்கேதான் பள்ளிக்கூடம் ஒரு காரியம் செய்தது. அளவைகள் ஒன்றாகிவிட்டன, இனி ஒப்பிடுவதில் என்ன கஷ்டம் என்று அந்தப் பாடத்தையே விட்டுவிட்டது. மிச்சம் இருந்தது லாப நட்டக் கணக்கு. 'ஒரு வியாபாரி 12 மாம்பழங்களை இத்தனை ரூபாய்க்கு வாங்கி இத்தனை ரூபாய்க்கு விற்றால்...' என்று ஆரம்பிக்குமே, அதுதான். எந்த வருஷத்துப் புத்தகத்தை எடுத்தாலும் அந்த வியாபாரி இருப்பார். கணக்கு எப்போதும் அவர் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துதான் நடக்கும். கல்லாவுக்கு முன்னால் பையோடு நிற்கிறவளுக்கு ஒரு கணக்கும் இல்லை! மேலே காலேஜுக்குப் போய் பி.காம். சேர்ந்தாலும் இதே கதைதான். பேரேடு, குறிப்பேடு, ஐந்தொகை எல்லாம் விற்கிறவருடையவை. வாங்குகிறவர் கடனாளிகள் பட்டியலில் ஒரு வரியாக மட்டும் வருவார்.

அந்தக் கடனாளி வரி முக்கியமானது. கிராமத்தில் பல குடும்பங்கள் விலையை ஒப்பிட்டுப் பார்க்காததற்குக் கணக்குத் தெரியாதது மட்டும் காரணமில்லை. ஊர் மளிகைக் கடையில் பற்று இருக்கும். நோட்டில் எழுதிவிட்டு அரிசியும் பருப்பும் கொடுக்கிறவரிடம் போய், 'கீரனூரில் இதைவிட 2 ரூபாய் குறைச்சலாமே' என்று எந்த வாயால் கேட்பது? அவர் கூடுதலாக வாங்கும் 2 ரூபாயைக் காத்திருக்கும் கூலி என்றும் சொல்லலாம், வட்டி என்றும் சொல்லலாம். அறுவடை வரை, அல்லது மகன் திருப்பூரிலிருந்து பணம் அனுப்பும் வரை காத்திருக்க அந்தக் கடைக்காரரைத் தவிர வேறு யாரும் தயாராக இல்லை. இடங்களை ஒப்பிடச் சொல்லிக்கொடுக்கும் எந்தப் பாடமும் இந்த நோட்டைக் கணக்கில் சேர்க்காவிட்டால் அது நகரத்துப் பாடம். 1904-இல் சென்னையில் ஆரம்பித்த திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும், 1972-இல் வந்த தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் வழியாகப் பொருள் வரும் ரேஷன் கடைகளும் கடன் வியாபாரத்துக்கும் விலையேற்றத்துக்கும் ஒரு மாற்றாகத்தான் வந்தன. ரேஷன் க்யூவில் மஞ்சள் பையோடு நின்ற தலைமுறைக்கு ஒரு விஷயம் சொல்லாமலே புரிந்தது. வெளியில் அரிசி விலை என்ன என்று தெரிந்தால்தான் இங்கே மூன்று மணி நேரம் நிற்பது லாபமா என்று தெரியும்.

கணக்கு மறுபடி தெருவுக்கு வந்தது 1991-இல். புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கம்! அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். மாலை நேரத்தில் தெருவிளக்கடியிலும் கோயில் வாசலிலும் வகுப்புகள் நடந்தன. கல்குவாரிப் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் எழுத்தோடு எண்ணும் படித்தார்கள். திண்ணையில் இடம் கிடைக்காதவர்களின் பேத்திகள் என்றே பலரைச் சொல்லலாம். இயக்கம் எல்லோரையும் ஆச்சரியப்படுத்தியது சைக்கிளால்தான். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதியது நாடு முழுக்கப் பேசப்பட்டது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கி ஓட்டிய பெண்களும் உண்டு.

சைக்கிளுக்கும் விலை ஒப்பிடுவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். எல்லாச் சம்பந்தமும் இருக்கிறது. நடந்து போகும் தூரத்தில் ஒரு கடை இருந்தால் அதன் விலைதான் விலை. சைக்கிள் வந்தால் கடை நாலாகிறது. விற்பதற்குக் கீரையோ பூவோ இருக்கிற பெண்ணுக்கு ஊர்களும் நாலாகின்றன. பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம், கூட்டிப்போக அண்ணனும் வேண்டாம். 2001-02-இல் பிளஸ் ஒன் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் என்று தமிழக அரசு ஆரம்பித்து, பிறகு மற்ற மாணவ மாணவியருக்கும் விரித்தது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. இவற்றையெல்லாம் கல்வித் திட்டம், நலத் திட்டம் என்றுதான் கணக்கில் எழுதுகிறார்கள். ஒரு பொருளின் உண்மையான விலையில் போக்குவரத்துச் செலவும் உண்டு என்று பார்த்தால், இவை ஒவ்வொன்றும் குளத்தூர் பக்கத்து ஒரு பெண்ணுக்கு விலைக்குறைப்புதான்.

1999 நவம்பர் 14-இல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தது, பிறகு புதுக்கோட்டைக்கும் வந்தது. அங்கே கத்தரிக்காயைவிட முக்கியமானது வாசலில் இருக்கும் விலைப்பலகை. அன்றன்றைக்கு அதிகாரிகள் நிர்ணயிக்கும் விலை, மொத்த விலைக்கு மேலே, வெளிச் சில்லறை விலைக்குக் கீழே. அங்கே வாங்காதவர்கூட அதைப் படித்துவிட்டு வெளிக்கடையில் போய்ப் பேரம் பேசலாம். பலகை இலவசம்.

இதெல்லாம் அளந்து, நிறுத்துக் கொடுக்கும் பொருள்களுக்கு. இதற்குள் பாக்கெட் வந்துவிட்டது. ஆட்டம் மாறியது.

பாக்கெட்டுகளுக்கான மத்திய அரசு விதிகள் 1977-இல் வந்தன. எடை, விலை, தயாரித்த மாதம் எல்லாம் மேலே அச்சிட வேண்டும். பிஸ்கட், டீத்தூள், சோப்புத்தூள் மாதிரியான பல பொருள்களை இன்ன இன்ன எடைகளில்தான் கட்டி விற்க வேண்டும் என்றும் ஒரு பட்டியல் இருந்தது. 100 கிராம் என்றால் எல்லாக் கம்பெனியும் 100 கிராம். விலையை மட்டும் பார்த்தால் போதும், கணக்கே வேண்டாம். 1990-இலிருந்து எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச சில்லறை விலை, அதாவது எம்.ஆர்.பி. ஆனால் இந்த எம்.ஆர்.பி. ஒரு விசித்திரமான பாடத்தையும் கற்றுக்கொடுத்துவிட்டது. சட்டம் சொல்வது 'இதற்கு மேல் வாங்கக்கூடாது' என்று. மக்கள் புரிந்துகொண்டது 'இதுதான் விலை' என்று. அதற்குக் குறைவாகக் கேட்கலாம் என்பதே பலருக்குத் தோன்றுவதில்லை.

அப்புறம் சாஷே. இதில் தமிழ்நாட்டுக்குத் தனிப் பெருமை உண்டு. கடலூர் சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்றார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் சிக் ஷாம்புவை ஆரம்பித்தார். பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கிய அந்தப் பாக்கெட்டுகளை வாங்கத்தான் கிராமத்துப் பிள்ளைகள் முதன்முதலாகத் தங்கள் சொந்தக் காசோடு கடைக்குப் போனார்கள் என்று சொன்னால் மிகையில்லை. பெரிய அளவாக வாங்கினால் மலிவு என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். ஷாம்புவில் பல சமயம் நேர்மாறு, சாஷேதான் மலிவு! 1 ரூபாய்க்கு 5 மில்லி கிடைத்தால் 100 மில்லிக்கு 20 ரூபாய்தான் ஆகிறது. அதே ஷாம்பு 100 மில்லி பாட்டிலில் என்ன விலை என்று கடையில் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய், டீத்தூள், பேஸ்ட் என்று வந்தால் எப்படி இருக்கும்? ஒவ்வொன்றுக்கும் கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். தினக்கூலிக் குடும்பம் மாசச் சாமான் வாங்குவதில்லை, அன்றன்றைக்குப் பாக்கெட்டாகத்தான் வாங்கும். ஆகவே இந்தக் கணக்கு தெரியாவிட்டால் அதிகம் இழப்பதும் அந்தக் குடும்பம்தான்.

2021-இல் பாக்கெட் விதிகளை மத்திய அரசு திருத்தியது. குறிப்பிட்ட எடைகளில்தான் கட்ட வேண்டும் என்ற பட்டியல் போயிற்று. அதற்குப் பதிலாக ஒரு கிராமுக்கு அல்லது கிலோவுக்கு, ஒரு மில்லிக்கு அல்லது லிட்டருக்கு என்ன விலை என்பதையும் அச்சிட வேண்டும் என்று வந்தது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 1970-களின் தொடக்கத்திலேயே கடை அலமாரியில் அலகு விலை எழுதச் சொல்லிவிட்டது. நமக்கு வர ஐம்பது வருஷம் ஆயிற்று. வந்தது நல்லதுதான். ஆனால் என்ன ஆயிற்று என்று பாருங்கள். 5 ரூபாய் பிஸ்கட் பாக்கெட் 5 ரூபாயாகவே இருந்துகொண்டு எடையில் மட்டும் இளைக்கிறது. கிராமுக்கு எத்தனை பைசா என்பது எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. பெயர் ஒன்று, அளவு வேறு என்ற பழைய படியின் தொல்லை பிளாஸ்டிக் உறைக்குள் திரும்பி வந்துவிட்டது.

பள்ளிக்கூடம் இதற்கு என்ன செய்கிறது? எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 1986-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2002-இல் மத்திய அரசு பள்ளி, கல்லூரிகளில் நுகர்வோர் மன்றங்கள் அமைக்க மன்றத்துக்கு 10,000 ரூபாய் என்று திட்டம் போட்டது. தமிழ்நாட்டுப் பள்ளிகளிலும் குடிமக்கள் நுகர்வோர் மன்றங்கள் உண்டு. 2007-இல் வந்த என்.சி.இ.ஆர்.டி. ஏழாம் வகுப்புப் புத்தகம்தான் இதில் உருப்படியான முயற்சி. வாரச்சந்தை, பக்கத்துக் கடை, ஷாப்பிங் மால் மூன்றையும் வரிசையாக வைத்து, எங்கே ஏன் மலிவு, எங்கே கடன் கிடைக்கும், எங்கே பேரம் பேசலாம், யாரால் உள்ளே நுழையவே முடியாது என்று பிள்ளைகளைக் கேட்டது. அடுத்த பாடத்தில் ஈரோட்டு ஜவுளிச் சந்தை வழியாக ஒரு சட்டை அமெரிக்கா போய் 26 டாலருக்கு விற்கிற கதை. கடன் நோட்டைப் பற்றிப் பேசிய ஒரே பாடப்புத்தகம் என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் 2019-இன் ஏழாம் வகுப்புப் புத்தகத்தில் சந்தையும் நுகர்வோர் பாதுகாப்பும் பாடமாக வந்தது. நுகர்வோரின் உரிமைகள், சட்டம், நீதிமன்றம் எல்லாம் இருக்கின்றன. பரீட்சைக்கு நாலு மார்க் கேள்வியும் வரும். ஏமாந்த பிறகு எங்கே போய்ப் புகார் கொடுப்பது என்று சொல்லித்தருகிற அளவுக்கு, ஏமாறுவதற்கு முன் போட வேண்டிய கணக்கைச் சொல்லித்தரவில்லை. அந்தக் கணக்கு, கணக்குப் புத்தகத்தில் அந்த மாம்பழ வியாபாரியிடமே மாட்டிக்கொண்டிருக்கிறது.

அமெரிக்காவில் நுகர்வோர் சங்கம் ஒன்று 1980-இலேயே பிள்ளைகளுக்கென்று தனிப் பத்திரிகை நடத்தியது. பென்னி பவர் என்று பெயர், 1990-இல் ஜில்லியன்ஸ் என்று மாற்றினார்கள். பொம்மையையும் ஷூவையும் சோதித்துப் பார்த்து எது காசுக்குத் தகுந்தது என்று எழுதுவார்கள். தமிழில் அப்படி ஒன்று வந்திருந்தால் முதல் இதழின் அட்டையில் ஷாம்பு சாஷேதான் இருந்திருக்கும்.

இப்போது குளத்தூரிலிருந்து போகக்கூடிய திசை இரண்டல்ல. போன் இருக்கிறது. டெலிவரி சார்ஜ், கூப்பன், 'இன்னும் 2 மட்டுமே பாக்கி' என்று மிரட்டும் சிவப்பு எழுத்து, கடைசிப் பக்கத்தில் திடீரென்று ஏறும் கட்டணம். இப்படிப்பட்ட 13 தந்திரங்களைப் பட்டியல் போட்டு 2023 நவம்பரில் மத்திய அரசு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. படியைக் குவிக்காமல் தலைதட்டிவிட்டு, குவித்த விலையே கேட்ட பழைய ஆளை அந்தப் பட்டியலில் தேடினால் அவரும் எங்கேயோ கிடைப்பார்.

அம்மன் காசும் அந்தப் போனில் கிடைக்கிறது. பழைய நாணயம் விற்கும் தளங்களில் தேடினால் பிரகதாம்பாள் படத்தோடு வரிசையாக வருகின்றன. ரூபாயில் 320-இல் ஒரு பங்காக இருந்த காசு இப்போது பல ரூபாய்க்கு விற்கிறது. ஒரே காசுக்குத் தளத்துக்குத் தளம் விலை வேறு, தபால் செலவு தனி.